கறுப்பு கறுப்பாகத் தெரியும் மொனிட்டர்

2025 ஜூலை 3, வியாழன்

காலை ஒன்பது நாற்பதுக்கு மொனிட்டர் இளஞ்சிவப்பாகி, பிறகு கறுத்து, இரண்டு நிமிடம் செத்துக் கிடந்தது. என் வீட்டுக்காரர் அதன் தலையில் ஒன்று போட்டதும் உயிர் வந்தது. அதற்குள் லொறிக்காரன் ரேஸை முடித்துவிட்டான்.

"மதி. சின்னப் புள்ளையள்ட வேல இது. இனித் தொடுறல்ல," என்றார், ஜோய்ஸ்டிக்கைக் கட்டிலில் எறிந்துவிட்டு.

நான் அதை எடுத்துத் திரும்ப மேசையில் வைத்தேன். கார் விளையாட்டு ஒன்று நின்றுபோகும் என்று இவ்வளவு பயப்படும் ஐம்பது வயதுக்காரி கண்டி மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பின்னால் எனக்கே நம்பமுடியாமல் போகும். எழுதி வைக்கிறேன்.

பதினாலு மாதத்துக்கு முன் மகன் ருஷ்தி, அக்குறணையில் எங்கள் பெயின்ட் கடைக்குக் கலர் கலக்கும் மெஷின் ஒன்று வாங்குவோம் என்றான். அவர் முப்பத்தொரு வருடம் கண்ணால் பார்த்தே கலர் கலக்கியவர். சுவரில் பெயர்ந்த ஒரு துண்டைக் கொண்டு வந்து கொடுத்தால், அதே நிறத்தை வாளியில் காட்டுவார். "என்ட கண்ண விட மெஷின் பெருசா?" என்றார். ருஷ்தி வாடிக்கையாளருக்கு முன்னால், "ஓங்கட கண்ணு இன்னம் எத்தன வருஷத்துக்கு வாப்பா?" என்று கேட்டுவிட்டான். அடுத்த மாதம் டோஹாவுக்குப் போனான். தன் நல்ல மொனிட்டரை விற்றுத்தான் டிக்கெட் எடுத்தான். அதன்பின் இருவருக்கும் பேச்சில்லை. பெருநாளுக்குக்கூட இல்லை.

ஜூனில் அவர் கடை ஏணியிலிருந்து விழுந்து இடக்கால் முறிந்தது. வீட்டில் இருக்க ஏலாமல், ருஷ்தி விட்டுப்போன கொம்பியூட்டரை, கடையில் கமரா பார்க்க வைத்திருந்த பழைய மொனிட்டரோடு பூட்டி, அந்தக் கார் விளையாட்டைத் திறந்தார். அது ருஷ்தியின் பெயரிலேயே திறந்தது. மூன்றாம் நாள் 'டோஹாலொறி' என்ற பெயரில் ரேஸுக்கு அழைப்பு வந்தது. இரவு வேலை முடித்து வந்து புதுப் பெயரில் விளையாடிய ருஷ்தி, கண்டியில் தன் பழைய பெயர் கார் ஓட்டுவதைக் கண்டிருக்கிறான்.

அன்றிலிருந்து தினமும் ஒன்பதரைக்கு மூன்று ரேஸ். ஒரு எழுத்துக்கூட அடித்துக்கொள்வதில்லை. இவர் அவனை லொறிக்காரன் என்கிறார். அவன் என்னோடு போனில் பேசும்போது இவரை 'அந்த ஐடி' என்கிறான். இருவருக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் இருவருக்கும் தெரியும். மூன்று பேரும் நடிக்கிறோம், பார்க்கத்தான் ஆளில்லை.

ஓகஸ்ட் நாலாம் திகதி பிளாஸ்டர் வெட்டுவார்கள். அதன்பின் காலை எட்டுக்குக் கடை. அதற்குள் ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை — பேசிக்கொள்ள வேண்டும். மொனிட்டர் செத்தால் அதுவும் போச்சு.

ஜூலை 5, சனி

ஆஷூரா நோன்பு. ஒன்பதாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டினார்கள். தையல், மாமிக்கு இன்சுலின் போட, கடை வரிப் பத்திரம் நிரப்ப, எல்லாம் நானாகத்தான் படித்தேன். மொனிட்டர் மட்டும் என்ன? இன்று யூடியூப்பில் ஐந்து மணித்தியாலம். தமிழ்நாட்டுப் பிள்ளை ஒருவன் விலையெல்லாம் இந்தியக் காசில் சொல்லிச் சொல்லிக் கத்துகிறான். காசைப் பெருக்கிக்கொண்டேன், கத்தலைக் குறைத்துக்கொண்டேன்.

விளங்கியது இவ்வளவு. மொனிட்டரில் மூன்று வகை. மலிவான டீஎன் வகை, நேரே பார்த்தால் ஒரு முகம், பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு முகம். எங்கள் குடும்பத்திலும் உண்டு. ஐபிஎஸ் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, ஆனால் கறுப்பு கொஞ்சம் சாம்பல் அடிக்கும். வீஏ-யில் கறுப்பு உண்மையான கறுப்பு. ஆனால் மெதுவானது. இருட்டில் ஒன்று வேகமாக ஓடினால் பின்னால் நிழல் இழுபடும். பெட்டியில் 'ஒரு மில்லி செக்கன்' என்று எழுதியிருப்பதை நம்பக்கூடாது. அது சீதனப் பேச்சு மாதிரி, இருப்பதை விடக் கூட்டித்தான் சொல்வார்கள்.

ஒன்று உறுத்துகிறது. இந்த வீட்டுச் சுவரில் உயிருள்ள எதன் படமும் இல்லை. படமுள்ள வீட்டுக்கு வராத வானத்து மலக்குமார் வந்து போகட்டும் என்று என் கலியாண அல்பத்தையே அலுமாரிக்கு மேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் நோன்பும் பிடித்துக்கொண்டு, எதில் படம் மிக நன்றாகத் தெரியும் என்று தேடுகிறேன். கார் உயிருள்ளதில்லை. ஓட்டுகிறவர்களைப் பற்றித்தான் கவலை.

ஜூலை 6, ஞாயிறு

நோன்பு திறந்தபின் ருஷ்தி போன் எடுத்தான். "அந்த ஐடி மூணு நாளா ஒன்லைன்ல இல்லையே உம்மா. சுகமில்லையா?"

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. மொனிட்டர் கதையைச் சொன்னேன்.

"ஐபிஎஸ் எடுங்க. நூத்தி நாப்பத்திநாலு ஹேட்ஸுக்குக் கொறஞ்சா வாணா. வேற ஒண்டும் பாக்க வாணா. காசு நான் போடுறன்."

"ஒன்ட காசெண்டு தெரிஞ்சா அதுட தலையிலயும் ஒண்டு போடுவார் மகன். நான் பாத்துக்கிறன்."

ஜூலை 8, செவ்வாய்

நாற்பத்தையாயிரம் வரை என்னிடம் உண்டு, தையலில் சேர்த்தது. கணக்குக் கொப்பியில் எந்தத் தலைப்பில் போடுவது? தளபாடம் என்றால் பொய். கல்வி என்றால் அதைவிடப் பொய். மருந்து என்று போட இடம் விட்டிருக்கிறேன்.

பழையது இன்று பச்சையாகத் தெரிகிறது. அவர் வேண்டாம் வேண்டாம் என்றுவிட்டு ஒன்பதரைக்கு அதற்கு முன்னால் போய் உட்கார்ந்தார். "இந்தக் கார் செவப்பு. நான் இதப் பச்சயா ஓட்டுறன்," என்றார். லொறிக்காரன் வென்றான். இவருக்குக் கோபம் தோற்றதற்கல்ல, நிறத்துக்கு.

ஜூலை 9, புதன்

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு என் அக்கா, மஸீனா ராத்தா, வந்தாள். படைத்த நாயனிடம் வழி கேட்டு இஸ்திஹாரா தொழுதுவிட்டுத்தான் எந்த மொனிட்டர் என்று முடிவெடுக்கப் போகிறேன் என்றேன். அவள் வாயிலிருந்த தேத்தண்ணி தெறித்தது.

"ஒன்ட கலியாணத்துக்கே ஆரும் இஸ்திஹாரா தொழல்லடீ!"

"அதான் இதுக்காவது தொழுவமெண்டு பாக்குறன்."

"கனவுல வெள்ள, பச்ச கண்டா எடு. கறுப்பு, செவப்பு கண்டா எடுக்காத."

கனவெல்லாம் சட்டமில்லை. மார்க்கக் கிதாபில் பார்த்திருக்கிறேன். இரண்டு றக்அத் தொழுது, துஆ ஓதி, காரியத்தில் இறங்க வேண்டும். நல்லதென்றால் வழி இலேசாகும், இல்லையென்றால் நாயன் திருப்பிவிடுவான். தொழுதேன். துஆவில் 'இந்தக் காரியம்' என்கிற இடத்தில் என்ன காரியம் என்று நினைக்க வேண்டும். இருபத்திநாலு இஞ்ச் ஐபிஎஸ் என்று நினைத்தேன். படைத்தவனுக்குத் தெரியாததா.

ஜூலை 10, வியாழன்

அக்குறணையில் ஒரு கடையில் ஐபிஎஸ் நாற்பத்துநாலாயிரத்துக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். பூட்டு. இன்று எசல போயா, பௌர்ணமி விடுமுறை. கலண்டரில் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

திரும்பவும் போனேன். திரும்பவும் பூட்டு. பன்னிரண்டு இருபது — ஜும்ஆத் தொழுகை! கடைக்காரரும் வேலைக்காரரும் பள்ளிவாசலில். ஐந்து வேளை தொழுகிறவள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள். பக்கத்துக் கடைப் பிள்ளை, "நீங்க வெளியூரா?" என்று கேட்டது.

இரண்டு தடவை. சாடையாக விளங்குகிற மாதிரி இருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

இன்று கடை திறந்திருந்தது. ஐபிஎஸ் முடிந்துவிட்டது. பத்து நிமிடத்துக்கு முன் ஒரு டியூஷன் மாஸ்டர் கடைசியையும் எடுத்துப் போனாராம். அடுத்த சரக்கு எப்போது என்று தெரியாதாம்.

மூன்று. இதற்கு மேலும் விளங்காவிட்டால் நான் மடைச்சி. ஐபிஎஸ் நமக்கு எழுதப்படவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

கண்டி டவுனுக்குப் போனேன். மாடியில் ஒரு கொம்பியூட்டர் கடை. ரொஹான் என்று ஒரு பிள்ளை நிற்கிறது, ஊர் மடுல்கெல்லப் பக்கம், கழுத்தில் ஜெபமாலை. மரியாதையான பிள்ளை.

"வாங்கக்கா. மகனுக்கா?"

"மாப்பிளைக்கு," என்றேன், என் புருஷனைத்தான். அது சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டைப் பார்த்தேன்.

ஐபிஎஸ் ஐம்பத்திரண்டாயிரம். பக்கத்தில் வளைந்த வீஏ ஒன்று நாற்பத்தோராயிரத்து ஐந்நூறு. அதில் ஒரு மீன் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிவரக் கறுத்த கடல், நடுவில் செம்மஞ்சள் மீன். செதில் செதிலாக எண்ணலாம். சுப்ஹானல்லாஹ் என்று வாயில் வந்துவிட்டது. அந்தக் கறுப்பு இருக்கிறதே, புது அபாயாவின் கறுப்பு.

"கேமுக்குன்னா நான் ஐபிஎஸ்தாங்க சொல்லுவேன். இது படத்துக்கு நல்லாருக்கும். ஆனா இருட்டு சீன்ல கொஞ்சம் இழுக்குமுங்க."

"தெரியும் தம்பி. படிச்சித்தான் வந்த."

"தெரிஞ்சுமா எடுக்குறீங்க?"

மூன்று கதவு பூட்டியதை அந்தப் பிள்ளைக்கு எப்படி விளங்கப்படுத்துவது? இந்தக் கதவு திறந்திருக்கிறது, காசும் காணும், மேலே ஏற லிஃப்டும் வேலை செய்கிறது. இலேசாவது என்றால் இதுதானே. எடுத்தேன். திரீவீல் கூலி எழுநூற்றைம்பது.

ஜூலை 16, புதன்

பூட்டிய உடனே அவர் ஒரு மணித்தியாலம் விளையாடாமல் நிறம் பார்த்தார். கண்ணைச் சுருக்கி, தள்ளிப் போய், கிட்டப் போய். பிறகு தீர்ப்பு வந்தது. "கறுப்பு கறுப்பா ஈக்கி. இது சாமான்."

முப்பத்தொரு வருடம் பெயின்ட் விற்றவர் வாயிலிருந்து. நான் குசினிக்குள் போய், நன்றிக்கு நெற்றியை நிலத்தில் வைத்து, ஷுக்ர் ஸஜ்தா செய்தேன்.

என்ன விலை, யார் காசு என்று கேட்கவில்லை. கேட்டால் எதற்கு வாங்கினேன் என்றும் கேட்க வேண்டி வரும்.

ஜூலை 19, சனி

லொறிக்காரன் இப்போது இரவு ரேஸாகத் தேர்ந்தெடுக்கிறான். இருண்ட காடு, மழை, லைட் வெளிச்சம். வளைவில் மரமெல்லாம் மை கரைந்த மாதிரி இழுபடுகிறது. எனக்கே தெரிகிறது. முன்பு மூன்றில் ஒன்றாவது வெல்வார். இந்த நாலு நாளில் ஒன்றுகூட இல்லை.

ஜூலை 21, திங்கள்

தோல்வி.

ஜூலை 22, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மூன்றையும் தோற்றுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, சாரத்தில் துடைத்து, திரும்பப் போட்டு, யன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டு மதிலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மதிலுக்கு நிறம் கலக்கிக் கொடுத்ததும் அவர்தான்.

"ரேஸ்ட வளைவெல்லாம் மங்கித் தெரியிது புள்ள. கரை எதுண்டு வெளங்குதில்ல." பிறகு, மெல்ல: "அவன் சென்னது சரிதான் போல. கண்ணு பெய்த்திட்டு. மெஷின வாங்கீக்கலாம்."

அவன். லொறிக்காரன் இல்லை, அவன். நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை இப்படியா வரவேண்டும்!

உங்கள் கண்ணில் ஒன்றுமில்லை, நான் வாங்கிய சாமானின் குறை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் தேத்தண்ணி ஊற்றப் போனேன். ரொஹான் சொன்னான், மகன் சொன்னான், கொப்பியில் என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது. எல்லாம் தெரிந்துகொண்டு மீனைப் பார்த்து வாங்கியவள் நான். அதை இஸ்திஹாராவின் தலையில் கட்டியவளும் நான். நாயன் எந்தக் கதவையும் பூட்டவில்லை. ஜும்ஆ நேரத்தில் போனால் கடை பூட்டித்தானே இருக்கும்?

ஜூலை 23, புதன்

பொட்டியைத் தூக்கிக்கொண்டு ரொஹானிடம் போனேன். மாற்றித் தரச் சொன்னேன்.

"பழுதுன்னா ஏழு நாளைக்குள்ள மாத்தலாங்க. நீங்க வந்தது எட்டாவது நாளு. அதுவும் இது பழுதில்லீங்கக்கா. அதோட கொணம்."

குணத்துக்கு வொரண்டி இல்லையாம். கலியாணம் கட்டி இருபத்தேழு வருடமான எனக்கு அதை ஒரு கடைப் பிள்ளையா சொல்லித்தர வேண்டும்? திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். டொக்டரிடம் போன கதை ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன், பொட்டியோடு வந்ததை அவர் கண்டாரா தெரியாது. மொனிட்டரைக் கொண்டுபோகவில்லை, பொட்டியை மட்டும்தான். அவசரத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்றே பார்க்கவில்லை. இருந்தது இரண்டு வெள்ளை ரிஜிஃபோம் நுரைத் துண்டு. ரொஹான் அதையும் சிரிக்காமல் சமாளித்தது. ஜெபமாலையின் பொறுமை.

ஜூலை 25, வெள்ளி

ருஷ்தியிடம் ஒப்புக்கொண்டேன். தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று, மெல்லிய குரலில். வீஏ வாங்கியது. இழுபடுவது. கண் போய்விட்டதென்று அவர் சொன்னது.



"வாப்பா அப்பிடியா சென்ன?" என்றான். அந்த ஐடி இல்லை. வாப்பா.

"நீ எடுத்துப் பேசு மகன். கண்ணு நல்லமெண்டு நீ ஒருக்காச் சென்னாப் போதும்."

"நான் எடுத்தா அவர் வெச்சிருவார். நான் வேற வழில பாத்துக்கிறன் உம்மா."

என்ன வழி என்று கேட்டிருக்க வேண்டும்.

ஜூலை 26, சனி

அவர் வென்றார்! மூன்றில் இரண்டு.

ஜூலை 27, ஞாயிறு

மூன்றில் மூன்று. மாசிச் சம்பல் வைத்து இடியப்பம் கொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. ரெண்டாவது ரேஸை இன்னொரு முறை போட்டுப் பார்த்தார். அப்படிப் போட்டுப் பார்க்க முடியும் என்பதே எனக்குத் தெரியாது. மூன்றாவது வளைவில் நிற்பாட்டி, கிட்டப் போய், தள்ளி வந்து — கலர் பார்க்கிற மாதிரியே பார்த்தார்.

ஜூலை 28, திங்கள்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஒன்பதரைக்கு ரேஸ் தொடங்கியது. இவர் முன்னால், லொறிக்காரன் பின்னால். முடிவுக் கோட்டுக்குக் கிட்ட வந்து இவர் பிரேக்கை அடித்தார். கார் கோட்டுக்கு முன்னால் நின்றது. பின்னால் வந்த காரும் நின்றது. மற்றவன் என்றால் தாண்டிப் போய் வென்றிருப்பான். அது போகவில்லை. இருட்டில், மழையில், இரண்டு காரும் லைட்டைப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். நான் மாவுக் கையோடு வாசலில்.

"அவன்ட நம்பர எடுங்க," என்றார் திரையைப் பார்த்தபடியே.

எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். ஸலாமும் இல்லை, சுகமும் இல்லை.

"எனக்கென்ன பிச்சயா போடுற?"

"வாப்பா... நான் ஒண்டும்..."

"பொய் செல்லாத! மூணாவது வளைவுல வேணுமெண்டே வெளிய பெய்த்த. நேத்தும் அதே எடத்துல, முந்தநாளும் அதே எடத்துல. எனக்குக் கண்ணில்லண்டா நெனச்ச?"

"கண்ணு சரியில்லண்டு நீங்கதானே சென்னயாம்..."

"ஆரு சென்ன ஒனக்கு?"

 அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். நான் மாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உம்மாதான்," என்றான் பெற்ற பிள்ளை. "ஓங்கட கண்ணுல ஒண்டுமில்ல வாப்பா. உம்மா வீஏ வாங்கியீக்கி."

"அது எனத்தியன்?"

பதினாலு மாதம் பேசாதவர்கள் இருபத்தைந்து நிமிடம் பேசினார்கள். முழுக்க மொனிட்டர். வீஏ என்றால் என்ன, இருட்டில் ஏன் இழுக்கிறது, பின்னால் இருக்கும் பட்டனை அழுத்தி ஓவர்டிரைவைக் கூட்டினால் கொஞ்சம் குறையும், இனிப் பகல் ரேஸ் மட்டும் ஓடுவோம். இவர் பட்டனைத் தேடிக்கொண்டே, "இது ஈரம் காயாத பெயின்ட்ல தூரிகய இழுத்த மாதிரி," என்றார். "சரியாச் சென்ன வாப்பா, அதேதான்," என்றான் அவன்.

பிறகு இவர், "எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டீந்தா நான் செல்லியீப்பன்."

"எனக்கிட்டக் கேட்டிச்சி. நான் சென்ன. கேக்கல்ல."

"இவ எப்பவும் அப்பிடித்தான்."

"ஓம் வாப்பா, அப்பிடித்தான்."

பதினாலு மாதத்துக்குப் பிறகு அப்பனும் மகனும் ஒத்துப்போன முதல் விஷயம் நான் ஏமாந்த கதை. இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். நான் போய் முகம் கழுவினேன். கண்ணில் மாவு பட்டிருந்தது.

ஜூலை 29, செவ்வாய்

பகல் ரேஸ். மூன்றில் ஒன்று வென்றார். அந்த ஒன்றுக்கு டோஹாவிலிருந்து வந்த ஏச்சு ஸ்பீக்கரில் வீதி வரைக்கும் கேட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

ஓகஸ்ட் 1, வெள்ளி

மஸீனா ராத்தா கேட்கிறாள், "அப்ப இஸ்திஹாரா பலிச்சதா, பலிக்கல்லயா?"

பதில் சொல்லவில்லை. ஐபிஎஸ் கிடைத்திருந்தால் அவர் மூன்றில் ஒன்று வென்றுகொண்டே இருந்திருப்பார். இருவரும் வாயே திறவாமல் நாலாம் திகதி வந்திருக்கும். ஆனால் ஜும்ஆ நேரத்தில் கடைக்குப் போன மடத்தனத்தையும் நாயன் மேல் போட நான் தயாரில்லை. இரண்டையும் அடுத்தடுத்து எழுதி வைக்கிறேன். கூட்டிப் பார்க்கத் தெரியவில்லை.

ஓகஸ்ட் 4, திங்கள்

பிளாஸ்டர் வெட்டியாயிற்று. டொக்டர் நடக்கச் சொன்னார். நாளையே கடைக்குப் போகலாமாம். காலை எட்டுக்குக் கடை என்றால் ஒன்பதரை ரேஸ் என்னாவது என்று வரும் வழி முழுக்கக் கணக்குப் பார்த்தேன். 

கலர் மெஷின் கதை நேற்று மீண்டும் வந்தது. அவன் வாங்குவோம் என்கிறான், இவர் முடியாது என்கிறார். சத்தம் போட்டார்கள். யாரும் போனை வைக்கவில்லை.

ஓகஸ்ட் 11, திங்கள்

கடைக்குப் புது அட்டை எழுதித் தரச் சொன்னார், என் எழுத்துத்தான் வடிவாம். தமிழிலும் சிங்களத்திலும் எழுதினேன். 'கடை திறக்கும் நேரம் காலை 10.45.'

முப்பத்தொரு வருடம் எட்டுக்குத் திறந்த கடை. காரணம் கேட்கிற வாடிக்கையாளருக்கு, கால் இன்னும் சரியில்லை என்கிறாராம். இன்று அவர் சுபஹுக்குப் பள்ளிவாசல் போய் வரும்போது பார்த்தேன். படிக்கட்டில் இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தார்.